உஷார்! கூண்டுக்குள்ள இருக்கிற கோழியை முதல்ல பாருங்க!

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் அம்மாக்களே! சிப்காட் ஷிஃப்ட் முடிச்சு கறி வாங்கிட்டுப் போற தம்பிகளே! கொஞ்சம் நில்லுங்க.

பச்சைக் கறித்துண்டைக் குழந்தை கையில கொடுக்கவே கொடுக்காதீங்க!

2025 மார்ச். ஆந்திரா, பல்நாடு மாவட்டம், நரசராவ்பேட்டை. ரெண்டு வயசுப் பெண் குழந்தை. வீட்டுல கறி வெட்டும்போது பச்சையா ஒரு துண்டு வாயில போட்டிருக்கு. காய்ச்சல் வந்தது, மூச்சுத் திணறல் வந்தது. மங்களகிரி எய்ம்ஸ்ல சேர்த்தும் பிழைக்கல. எச்5என்1 பறவைக் காய்ச்சல்னு புனே ஆய்வகம் உறுதி செஞ்சது.

எங்கேயோ நடந்ததுன்னு விட்டுடாதீங்க. 2024 பிப்ரவரியில நெல்லூர் மாவட்டக் கோழிகளுக்கே இந்த நோய் வந்துச்சு. அந்தப் பக்கத்துக் கோழி வண்டி எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டினா, முதல்ல வர்றது நம்ம ஊர்தான்.

நோய் எங்கே வேகமாப் பரவுது? இறக்கை விரிக்க இடமில்லாம கோழிகளை அடைச்சு வெச்ச இடத்துல. அங்கே வளர்ற கறிக்கோழிக்கு ஆறு வாரத்துல ரெண்டு கிலோ ஏறுற உடம்பு. பாரம் தாங்காம கால் மடங்கிப்போற கோழிகளும் உண்டு. அந்த நெரிசல்ல பாக்டீரியா நோய் வராம இருக்கவும், எடை ஏறவும் தீவனத்துல ஆன்டிபயாடிக் மருந்து கலக்குற பழக்கம் இருந்தது. வேற எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியா கொடுக்கிற கோலிஸ்டினையே கலந்தாங்க! 2019 ஜூலையில மத்திய அரசு அதைத் தடை செஞ்சது. கண்டபடி மருந்து போட்டா கிருமி பழகிடும். நாளைக்கு நம்ம பிள்ளைக்கு அதே மருந்து வேலை செய்யாது. கோழிக்குச் செய்யற கொடுமை நம்ம வீட்டுக்குள்ளயும் வருது!

கடையில நிக்கும்போது கண்ணைத் திறந்து பாருங்க. கொண்டை நீலம் பாரிச்சிருக்கா? தலை வீங்கியிருக்கா? மூக்குல நீர் ஒழுகுதா? கூண்டுல செத்த கோழி கிடக்க, மத்ததைப் பக்கத்துலயே அறுக்கறாங்களா? வாங்காதீங்க! திடீர்னு விலை பாதியாக் குறைஞ்சா, ஏன்னு கேளுங்க.

பைக் ஹேண்டில்ல காலைக் கட்டித் தலைகீழாத் தொங்கவிட்டுக் கொண்டுபோறாங்களே, அதைப் பார்த்தாலே வயிறு கலங்குது. தேவையில்லாம வலிக்கிற மாதிரி ஒரு பிராணியைக் கொண்டுபோறது 1960-ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கடைக்காரர்கிட்ட சொல்லுங்க. நாலு பேர் கேட்டா மாறுவார்.

கறி உள்ளே வரைக்கும் வேகணும், நடுவுல சிவப்பு தெரியக் கூடாது. அரிவாள்மனையையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவின பிறகுதான் காய் நறுக்கணும். கொல்லையில வளர்க்கிற கோழிங்க கொத்தா செத்தா கையால தொடாதீங்க, அறுத்துச் சமைக்காதீங்க. கால்நடை மருத்துவமனைக்கு அன்னைக்கே சொல்லிடுங்க.