வீட்டை பிள்ளைங்க பேருக்கு எழுதப் போறீங்களா? பத்திரத்தில் இந்த ஒரு வரி இருக்கான்னு பாருங்க!

"இருக்கிறது ஒரே வீடு. எப்படியும் பையனுக்குத்தானே... இப்பவே எழுதிக் கொடுத்துடலாம்" - பல வீடுகளில் பெற்றோர் எடுக்கும் முடிவு இது. எழுதிக் கொடுத்த பிறகு அதே வீட்டில் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கையேந்தும் நிலை வந்தால்? வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது, விரிவாகப் பார்க்கலாம்.

உயில், செட்டில்மென்ட்: என்ன வித்தியாசம்?

உயில் என்பது எழுதியவர் இறந்த பிறகுதான் உயிர் பெறும். அதுவரை வீடு அவருடையதுதான். மனசு மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், ரத்தும் செய்யலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனாலும் பின்னால் சண்டை வராமல் இருக்க பதிவு செய்வது நல்லது.

தான செட்டில்மென்ட் அப்படி இல்லை. பதிவானதுமே வீட்டின் உரிமை பிள்ளைக்குப் போய்விடும். அதன் பிறகு அவர் அதை விற்கலாம், அடமானமும் வைக்கலாம்.

செலவு எவ்வளவு?

தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1%. அதிகபட்சம் ரூ.40,000. பதிவுக் கட்டணமும் 1%, அதிகபட்சம் ரூ.10,000. இந்த உச்சவரம்பு 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டது. ரூ.50 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு மொத்தம் ரூ.50,000 போதும். அதே வீட்டை கிரையம் செய்தால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என ரூ.4.5 லட்சம் ஆகும். பலரும் செட்டில்மென்ட் பக்கம் போக இதுவே முக்கிய காரணம்.

எழுதிய பிறகு ரத்து செய்ய முடியுமா?

"நான் கொடுத்தது, நானே ரத்து பண்றேன்" என்று பெற்றோர் மட்டும் சார்பதிவாளர் அலுவலகம் போனால் பொதுவாக வேலை நடக்காது. பிள்ளையும் சம்மதித்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் சட்டப்படி உத்தரவு வாங்க வேண்டும்.

இங்கேதான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 கைகொடுக்கிறது. இதன் 23வது பிரிவின்படி, "என்னை கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரம் மோசடியாகவோ கட்டாயப்படுத்தியோ பெறப்பட்டதாகக் கருதப்படும். பெற்றோர் கேட்டால் தீர்ப்பாயம் அதை செல்லாது என அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயம் வருவாய் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ தலைமையில் இயங்குகிறது. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்.

அந்த ஒரு வரி ஏன் முக்கியம்?

நிபந்தனை இருந்ததை நிரூபித்தால்தான் 23வது பிரிவு பொருந்தும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், தன்னை கவனித்துக்கொள்வதாக மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழியை ஏற்று, தாய் கொடுத்த தானப் பத்திரத்தை உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. சொத்தை தாயிடமே ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. 'அன்பும் பாசமும் காரணமாக' என்று பத்திரத்தில் இருந்தாலே, கவனித்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் அடக்கம் என்றது.

அப்படியென்றால் நிபந்தனை எழுதாவிட்டாலும் பரவாயில்லையா? அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டாம். பத்திரத்தில் அந்த வரி இல்லையென்றால், நிபந்தனை இருந்ததா என்பதற்கே வயதான காலத்தில் வழக்கு நடத்த வேண்டியிருக்கும். பத்திரத்திலேயே இருந்தால், கவனித்தார்களா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

* உணவு, இருப்பிடம், மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

* கணவன், மனைவி இருவரும் உயிரோடு உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கவும், வாடகை வந்தால் வாங்கிக்கொள்ளவும் ஆயுட்கால உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வீட்டை விற்றாலும் இந்த உரிமை போகாது.

* பத்திர எழுத்தர் டைப் செய்து கொடுத்ததை அப்படியே நம்பி கையெழுத்துப் போடாதீர்கள். முழுவதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

* பூர்வீகச் சொத்து என்றால், உங்கள் பங்கை மட்டும்தான் எழுதிக் கொடுக்க முடியும்.

அவசரம் எதுவும் இல்லையென்றால் உயிலே பாதுகாப்பானது. 'இப்பவே கொடுத்தாகணும்' என்ற நிலை வந்தால், வீட்டோடு சேர்த்து நிபந்தனையையும் எழுதிக் கொடுங்கள். பாசமான பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் எந்த நஷ்டமும் இல்லை.