கம்பியில் குத்திய ரசீதுகள்

எங்கள் அப்பா வீட்டு வரி ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி, பீரோ பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பார். அவர் காலமான பிறகு ஒருநாள் அதைக் கழற்றிப் புரட்டினேன். 2008க்குப் பின் வருஷக்கணக்காக ஒரே தொகை. 2018இல் ஏறி, மறுபடி இறங்கி, 2022இல் ஒரேயடியாக எகிறியிருந்தது. கோவையில் சொத்து வரி என்றாலே மக்கள் கொதிப்பது ஏன் என்று அந்தக் கம்பியைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

2018இல் அரசு வரியை உயர்த்தியது. எதிர்ப்பு வலுக்கவே, 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தது. ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழித்து, 2022 ஏப்ரலில், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்தார்கள். கோவை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கும் 100 விழுக்காடு. பிறகு 2024இல் இன்னொரு 6 விழுக்காடு. அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிவந்த சின்ன வீட்டுக்காரருக்கு அது 500 ஆகி, பிறகு 530 ஆனது. 2,000 கட்டிய பெரிய வீட்டுக்கு 4,240.

இந்த முடிவு கோவை மாமன்றத்தில் பிறந்ததல்ல. வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வசூலும் வளர வேண்டும். இல்லையேல் நகரங்களுக்கு மானியம் கிடையாது என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது. மாநில அரசு அதைச் சுட்டிக்காட்டியே உயர்த்தியது. வரிச்சீட்டோடு வாசலுக்கு வந்து திட்டு வாங்குபவர் என்னவோ பில் கலெக்டர்தான்.

டீக்கடையில் கொடுக்கும் ஜிஎஸ்டியும் பெட்ரோல் வரியும் எங்கெங்கோ போய்ச் சுற்றி, பங்காகத் திரும்பி வருபவை. மாநில அரசும் தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. வீட்டு வரியோ நேராக ஊரின் கஜானாவுக்கே போகிறது. தெருவிளக்கு, குப்பை வண்டி, துப்புரவு என்று நம் தெருவுக்கே திரும்புகிறது.

அதோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்கிறது. இது நம்மூர்க் கதை. 1948இல் சென்னை மாகாண நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம். சட்டத்தின் வரைவு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனுடையது. கிளை நூலகத்தில் காலையில் பேப்பர் படிக்கும் பெரியவருக்கும், குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நம் வீட்டு வரியிலிருந்து ஒரு பங்கு போகிறது. அந்தப் 10 பைசாவை நான் மனசாரக் கட்டுகிறேன்.

உயர்வே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 14 வருஷம் ஏறக்குறைய பழைய தொகையிலேயே வைத்துவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பு வரை ஏற்றியதுதான் தவறு. வருஷத்துக்குக் கொஞ்சம் ஏறியிருந்தால் குடும்பங்கள் தாங்கியிருக்கும். இன்னொரு குறையும் உண்டு. பழைய வரியின் மேலேயே விழுக்காடு ஏற்றியதால், பழைய ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே வளர்ந்துவிட்டது. முன்பு குறைவாக மதிப்பிட்ட கட்டடம் இன்றும் குறைவாகத்தான் கட்டுகிறது.

புறநகர்களின் குறை வேறு. 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், சரவணம்பட்டி எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்தன. பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கும் இடங்களில், "வரி மட்டும் டவுன் வரிங்க, ரோடு காட்டு ரோடுங்க" என்று ஆதங்கப்படுகிறார்கள். அந்த ஆதங்கத்தைச் சொல்லச் சட்டப்படியே ஓர் இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கவுன்சிலர் எதிரில் உட்கார்ந்திருக்க, எந்த வாக்காளரும் எழுந்து பேசலாம். "நம்ம வார்டுல போன வருஷம் எவ்வளவு வரி வசூலாச்சுங்க, அதுல இங்க என்ன செலவு பண்ணுனீங்க?" என்று கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கு அப்பாவின் கம்பியோடு போகப்போகிறேன்.