வீட்டுச் சாவிக்கொத்தும் விருந்தாளிகளும்

கணிப்பொறியின் நிர்வாகிக் கணக்கு, எல்லா அறைகளையும் திறக்கும் சாவிக்கொத்து. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவும்போது பெயர் பதிந்த வீட்டார் அனைவருக்கும் அதனையே வழங்கிற்று. உலாவியில் நாம் சேர்த்த ஆக்டிவ்எக்ஸ் முதலிய துணை நிரல்களும் அவ்வதிகாரத்துடனேயே இயங்கின. ஒன்றில் ஓட்டை இருப்பின், தீய பக்கமொன்றைத் திறந்த மாத்திரத்தில் அயலான் எசமானனாகிவிடுவான். 2007-இல் வந்த விஸ்டா அனுமதி கேட்கும் வழக்கத்தைப் புகுத்தியது. (தொல்லையென்று அதனை அணைத்து வைத்தோரில் நாமும் உண்டு!) குரோம் உலாவி 2015-இல் பழைய துணை நிரல் முறையைக் கைவிட்டது.

எனினும், ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பும் கணிப்பொறியிலேதான் நம் பிள்ளைகள் விளையாட்டுகளை இறக்குகின்றனர். ஆதலின், அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கொன்றை வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். அப்போதும் அவரவர் கோப்புகளுக்குத் தீங்கு நேரலாம். ஆனால் வீடு முழுவதும் எளிதில் பறிபோகாது.