பூச்சி தின்னும் செடிக்குக் கலர் கலராய்ப் பூ!

கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இலை போட்டு, மீதிப் பேரை இலையிலேயே போட்டுச் சாப்பிட்டால் எப்படி இருக்கும்? ட்ரோசெரா என்கிற செடி கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது.

நம் பக்கம் இதற்கு அழுகண்ணி என்று பெயர். இலை முழுக்க ரோமம், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு. 'யாரு பெத்த பிள்ளையோ, அழுகுதே' என்று கிட்டே போய் உட்கார்ந்த கொசு, அப்புறம் எழுந்திருக்காது. பசை! மற்ற ரோமங்களும் வளைந்து அமுக்கிக்கொள்ள, ஜீரணம் ஆரம்பம். இருக்கிற மண்ணில் சத்து போதாது, அதனால் இந்தப் பிழைப்பு. டார்வின் 1860-ல் இதில் சொக்கிப் போய், உலகத்து உயிரினங்களின் தோற்றத்தைவிட ட்ரோசெராதான் எனக்கு முக்கியம் என்கிற ரீதியில் நண்பருக்குக் கடிதமே எழுதினார். ஆனால், அவர் பிரதானமாக ஆராய்ந்த இங்கிலாந்துச் செடியின் பூ, சட்டைப் பொத்தான் சைஸில் ஒரு சாதாரண வெள்ளைப் பூ.

கலர் பார்க்கணுமா? தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குப் போகணும். அங்கே ட்ரோசெரா சிஸ்டிஃப்ளோரா என்று ஒரு ரகம். செடி ஒரு சாண், சொச்சம். அதன் தலையில் 6 செ.மீ. அகலம்வரை பூ! ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்கும். நல்ல வெயில் வந்தால்தான் விரியும். கேப்டவுனுக்கு வடக்கே டார்லிங் என்கிற ஊர்ப் பக்கம் (ஊர் பெயரே அதுதான் ஸார்!) குங்குமச் சிவப்பு. வேறு இடங்களில் வெள்ளை, ரோஸ், ஊதா. வெளிர் மஞ்சள்கூட உண்டு. பல பூக்களுக்கு நடுவில் மை வைத்தது போலக் கறுப்பு.

ஒரே செடி இத்தனை சேலை கட்டுவானேன்? கஸ்டமரைப் பொறுத்துத்தான் சரக்கு என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இங்கே கஸ்டமர், 'குரங்கு வண்டு' என்று அவர்கள் அழைக்கிற ரோமம் நிறைந்த வண்டுக் கூட்டம். இந்தப் பூவே அவற்றுக்கு மெஸ், லாட்ஜ், கல்யாண மண்டபம் எல்லாம். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாக எடுபடாது. இந்த வண்டுகளுக்கு எடுபடும். ஒவ்வொரு வட்டாரத்திலும் வண்டு வகைகள் வேறு, அவற்றின் ருசியும் வேறு. அதற்கேற்ப நிறம்.

நான் பி.காம். எனக்கு இதில் பிடித்தது வரவு-செலவுதான். இலைக்குப் பூச்சி வரவு, பூவுக்கும் பூச்சி வரவு. இலை பேராசைப்பட்டு பூவின் விருந்தாளியையே விழுங்கினால், அடுத்த வருஷம் விதைக்குப் பஞ்சம். நல்ல வேளை, இலையில் மாட்டுவதெல்லாம் பெரும்பாலும் சில்லறைப் பூச்சிகள். தடித்த வண்டுகள் தப்பிவிடும். பல ட்ரோசெராக்கள் இன்னும் ஜாக்கிரதை, பூவை நீண்ட காம்பில் தூக்கி, சமையலறைக்கு எட்டாத மாடியில் வைத்துவிடுகின்றன!

ஆனால், கலப்பையிடம் இந்தச் சாமர்த்தியம் செல்லவில்லை. டார்லிங் பக்கத்துச் சமவெளிப் புதர்க்காட்டில் பெரும்பகுதியை உழுது கோதுமை போட்டாயிற்று. பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. இருப்பதும் வயல்களுக்கு நடுவே தீவு தீவாக. செடியின் வேர் மண்ணில், வண்டின் புழுவும் அதே மண்ணில். ஒரு துண்டு நிலத்தை உழுதால் இரண்டுக்கும் வேட்டு. தாவரவியல் பட்டியலில் சிஸ்டிஃப்ளோரா என்ற பெயர் அப்போதும் பத்திரமாக இருக்கும், வேறெங்கோ வெள்ளையும் ரோஸும் பூத்துக்கொண்டிருப்பதால். அந்தத் துண்டில் இருந்த சிவப்பு போனதை அந்தப் பட்டியல் சொல்லாது.