மழையில் கொடுத்த கோப்பை

இலங்கையின் மாத்தளைப் பகுதிக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னாரிலிருந்து நடந்தே வந்த காலம் அது. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கும் இந்தியர் கப்பலேறினர். அந்த நேட்டால் இந்தியர் சமூகத்தில் பிறந்தவர் சேவ்சங்கர் ‘பப்வா’ செவ்கோலம். பிறரது மட்டைப் பையைச் சுமந்தபடியே கோல்ஃப் கற்றவர். வலக்கை மேலே, இடக்கை கீழே என வழக்கத்துக்கு நேர்மாறாக மட்டையைப் பிடிப்பார்.

1963இல் டர்பனில் நேட்டால் ஓப்பனை வென்றார். நிறவெறிக் காலம், வெள்ளையருக்கான கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழைய முடியவில்லை. வெளியே, கொட்டும் மழையில் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தக் காட்சியின் புகைப்படம் உலகெங்கும் போனது.

1965இல் அதே போட்டியில் தென்னாப்பிரிக்க முன்னணி வீரர் கேரி பிளேயரையே முந்தினார். அந்த ஆண்டில்தான் பிளேயர் கோல்ஃபின் தலையாய போட்டிகளான நான்கு ‘மேஜர்’ பட்டங்களையும் வென்று முடித்தார்.

பப்வாவின் நேட்டால் வெற்றிகளும், மூன்று டச்சு ஓப்பன் பட்டங்களும் மேஜர் கணக்கில் சேராது. அமெரிக்க வீரர் வால்டர் ஹேகன் ஐந்து முறை வென்ற வெஸ்டர்ன் ஓப்பனும் அப்படித்தான். அதைச் சேர்க்க வேண்டும் என்போர் உண்டு. ஆனால் யாரை ஆட விட்டார்கள் என்ற கேள்வியே முதன்மையானது. மேஜர்களுள் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பை நடத்தும் அமெரிக்கச் சங்கம், வெள்ளையருக்கே உறுப்புரிமை என்ற விதியை 1961இல்தான் நீக்கியது.