எழுத்துக்கு ஓர் எண், முகவரிக்கு ஓர் ஒழுங்கு

கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தாலன்றிச் செய்தி சென்று சேர்வதில் பயனில்லை. 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி அட்டவணையில் இருந்தவை 128 இடங்களே. ஆங்கிலத்திற்கு அது போதுமானதாயிருந்தது. இந்திய மொழிகளுக்கு அதில் இடமேயில்லை.

இதன் விளைவை நம் அலுவலகங்கள் நெடுங்காலம் அனுபவித்தன. மென்பொருள் தயாரித்தோர் ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவுக்கெனத் தனிக் குறியீட்டை அமைத்துக் கொண்டனர். ஓர் அலுவலகத்தில் தட்டச்சான ஆணை, அதே எழுத்துரு இல்லாத மற்றோர் அலுவலகத்தில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. மீண்டும் தட்டச்சு செய்வதைத் தவிர அங்கு வேறு வழியிருக்கவில்லை.

பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துகளுக்குப் பொதுவான ஓர் அட்டவணையை இந்திய தர நிர்ணய அமைவனம் 1991-இல் ஐ.எஸ். 13194 என்ற தரமாக வெளியிட்டது. அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியே யூனிகோடு, இந்திய மொழிகளுக்கு இடம் ஒதுக்கியது. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளின் இடங்கள் தமிழ்ப் பகுதியில் காலியாகக் கிடப்பது இதனாலேயே. இவ்வமைப்பு குறித்துத் தமிழறிஞர் சிலருக்கு மனக்குறை உண்டு. அது முற்றிலும் நியாயமற்றதன்று. ஆயினும் குறையுள்ள ஒரே தரம், குறையற்ற பத்துத் தரங்களைவிட மேலானது. மின்னாளுகைக்கு யூனிகோடே தரம் என 2009-இல் மத்திய அரசு அறிவித்தது.

எண் ஒன்றானதால் சிக்கல் தீர்ந்துவிட்டதா எனில், இல்லை. 'கொ' என்னும் எழுத்தை இரு வகையில் பதியலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணிப்பொறிக்கு வெவ்வேறு. நலத்திட்டப் பட்டியலில் ஒரு வகையாகவும் வங்கிக் கணக்கில் மறு வகையாகவும் பதிவான 'கொடியரசி', எண்களை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கு இரு வேறு நபர்களாகிவிடுவார். தம் பெயர் சரியாகவே எழுதப்பட்டிருப்பதைக் காணும் அவருக்கு உதவி நின்றுபோனதன் காரணம் விளங்காது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்கும் விதியை யூனிகோடு வகுத்துள்ளது. அதை மென்பொருளில் சேர்க்கச் செலவு மிகக் குறைவு. ஒப்பந்த ஆவணத்தில் அதைக் கேட்க வேண்டும் என்ற நினைவுதான் பல இடங்களில் இல்லை.

முகவரியின் நிலை இன்னும் நுட்பமானது. 1983-இல் உருவான இணையப் பெயர் முறையில் ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு ஆகியவை மட்டுமே வழங்கின. பிறமொழிப் பெயர்களை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி உட்செலுத்தும் நெறிமுறை 2003-இல் வந்தது. தமிழில் '.இந்தியா' என முடியும் முகவரி இயங்குவது இம்முறையிலேதான். 'கொ' போன்ற இரட்டைப் பதிவுகளை இந்நெறிமுறை ஒன்றாக்கிவிடுகிறது. ஆனால் 'மௌனம்' என்பதையும், ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதிய 'மெளனம்' என்பதையும் அது ஒன்றாக்குவதில்லை. இவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். அரசு நிறுவனம் ஒன்றின் பெயரில் ஔகாரம் வருமானால், அதே தோற்றமுடைய போலி முகவரியைப் பிறரொருவர் பதிவு செய்ய இயலும். ஒன்றைப் பதிந்தவருக்கன்றி மற்றொன்றை எவருக்கும் வழங்கலாகாது என்ற விதி, பெயர் பதிவு செய்யும் இடத்திலேயே இருந்தாக வேண்டும். பணம் செலுத்த வரும் குடிமகன் திரையில் ளகரத்தை உற்றுநோக்கி வேறுபாடு கண்டுபிடிப்பான் என எதிர்பார்க்க முடியாது.