உள்ளத்தில் உண்மை

1845இல் மதுரை அமெரிக்க மிஷனரிமார் குடியேறிய கோடைக்கானல் இன்று நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. ஆயினும் கசிந்த பாதரசம் மண்ணில் தங்கியது. ஏரி மீன்களிலும் பின்னர் கண்டறியப்பட்டது. நீரை நோக்கும் கண்ணுக்கோ அது புலப்படுவதில்லை.

பாவமும் இத்தகையதே. செயல் நின்றதால் கறை நீங்கிவிடாது. 51ஆம் சங்கீதம் 6ஆம் வசனத்தில் உள்ளத்து உண்மையையும் அந்தரங்க ஞானத்தையும் இணைக்கிறது. தூய இருதயத்திற்கான வேண்டுதல் 10ஆம் வசனத்திலேயே எழுகிறது. மறைந்திருப்பதை ஒப்புக்கொள்ளும் ஞானமே தூய்மைக்கு வழி.

ஆகவே அன்றாடத் திருமறைத் தியானத்தில், “எதை விட்டுவிட்டேன்?” என்பதோடு, “பிறர் வாழ்வில் எதை விட்டுவைத்தேன்?” என்றும் போதகராகிய நாம் வினவுவோமாக.